இறங்கி நடக்கத் தெரியாதவனுக்கு ஜீப் எதற்கு?

தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ரசிக்கக்கூடிய விஷயங்கள் நம் நாட்டில் அதிகமில்லை. சினிமா ஒன்று இருந்தது. அதுவும் இப்போது ஆளுக்கொரு கைபேசியில் ஆளுக்கொரு படமாகப் பிரிந்துபோய்விட்டது. இந்த நிலைமையில், பாதை இல்லாத இடத்தில் ஜீப் ஓட்டுவதில் எங்கள் பழனிசெட்டிபட்டித் தகப்பன்மார் சிலருக்கு ஒரு மோகம் பிறந்து, அதைப் பிள்ளைகளுக்கும் ஊட்டி வருகிறார்கள் என்றால் நான் சந்தோஷப்பட வேண்டியவன். பாதி சந்தோஷப்படுகிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பம் சாலையில் வந்து நின்று பாருங்கள். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உள்ள புத்தம் புது ‘தார்’ வண்டிகள் புறப்படும். (பாலைவனத்தின் பெயர்தான், ஆனாலும் தார் ரோட்டை விட்டு இறங்குவதற்கென்றே வாங்கும் வண்டிக்கு இந்தப் பெயர் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.) ஒன்று தெற்கே சின்னமனூர் வழியாக மேகமலைக்குப் போகும். இன்னொன்று தேனிக்குள் புகுந்து போடிமெட்டுக்குப் போகும். பின் ஸீட்டில் பள்ளிக்கூடத்துப் பையன். மலை ஏறியதும் அவன் முன் ஸீட்டுக்கு வருகிறான். ரோடு முடிந்ததும் ஸ்டியரிங்குக்கே வந்துவிடுகிறான். அப்பா கீழே இறங்கிப் படம் பிடிக்கிறார். பையன் ஓடைத் தண்ணீர் பீறிட்டுச் சிதறும்படி வண்டியை விடுகிறான். புல்மேட்டில் ஏறி இரண்டு கோடு கிழிக்கிறான். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். “பதினாலு வயசுதான் ஆகுது, பாருங்க!” என்று பெருமை வேறு.

இதிலே பெருமைப்பட என்ன இருக்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை பொது இடத்தில் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. மகனுக்கு ஏழு வருஷத்து லைசென்ஸைத் தொலைத்துக் கொடுப்பதுதான் பாசம் போலும்! “மலை மேலே யார் பார்க்கப்போகிறார்கள்?” என்கிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தானே ஒரு தகப்பன் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

சட்டம் கிடக்கட்டும். என் வழக்கு வேறு. அந்தப் பையனுக்கு யாரும் ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுக்கவே இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இந்தக் கலைக்கு வாத்தியார்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறார்கள். விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் போய்ப் பாருங்கள். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்த வண்டியின் வம்சம் அது. 1947-இல் மகேந்திரா கம்பெனி உதிரி பாகங்களாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தது. போர்க்களத்துக்குச் செய்த வண்டி இங்கே வந்து ஏலக்காய்க்கு உழைக்கிறது. போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதுவாவது ரோடு. அதற்கப்பால், தோட்டத்துக்குள் திரும்பியதும் சேறும் கல்லும்தான். அந்த டிரைவர்களில் யாரும் ஓடையில் தண்ணீரைச் சிதற அடித்து நான் பார்த்ததில்லை. பள்ளம் கண்டால் வண்டியை நிறுத்துகிறார்கள். இறங்குகிறார்கள். முன்னால் நடந்துபோய்க் காலால் மிதித்துப் பார்க்கிறார்கள். தேவையானால் இரண்டு கல்லை எடுத்துப் போடுகிறார்கள். பிறகுதான் ஏறுகிறார்கள். அடைமழைக் காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி சுற்றிக்கொள்கிறார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுகிற குற்றம் அவர்களிடம் உண்டு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கைவேலை கைவேலைதான்.

அவர்களில் ஒருவரிடம் கேட்டால் சொல்வார்: இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதித்துப்போய், வேண்டிய வளைவில் பிடிக்காது. கியர்க் கம்பிக்குப் பக்கத்திலுள்ள குட்டைக் கம்பியைத் தள்ளி, தணிந்த கியரில் போட்டுவிட்டு, கிளட்சைத் தொடாமல் வந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டால் குறுக்கே திருப்பக் கூடாது, உருண்டுவிடும். வந்த வழியே நேராகப் பின்னுக்கு இறங்க வேண்டும். அதாவது, தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு ஒழுங்காகப் பின்வாங்கத் தெரிய வேண்டும். பதினாலு வயசுப் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது? ஸ்டியரிங்கைத் தொடாமலேயே, அப்பாவுக்கு முன்னால் நடந்துபோய்க் கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டே இதைக் கற்றுவிடலாமே!

மலைக்கும் அதுதான் நல்லது. மேகமலை வைகை பிறக்கிற மலை. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அந்தப் புல்மேடு, பெய்கிற மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சக்கரம் கிழித்த கோட்டில் அடுத்த மழை வாய்க்காலாக இறங்கும். அதற்கடுத்த மழை மண்ணையே வாரிக்கொண்டு போகும். கீழே நாம் குடிக்கிற தண்ணீரை மேலே ஏறி நாமே கெடுப்பதற்கு எத்தனை லட்சம் கொடுத்து வண்டி வாங்குகிறோம்!

“எழுத்தாளருக்குப் பொறாமை. அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாகப் போகிறார்களே?” என்று கேட்பார்கள். வாஸ்தவம், போகிறார்கள். 1953-இல் கலிபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் என்ற மலையடிவார ஊரிலிருந்து 55 ஜீப்புகளில் 155 பேர் சியரா நெவாடா மலையைக் கடந்தார்கள். மார்க் ஸ்மித் என்ற உள்ளூர்க்காரர் முன்னின்று நடத்தினார். அந்த ஊருக்குப் பிழைப்பு குறைந்திருந்தது. ஜீப் வந்தால் நாலு பேர் வருவார்கள் என்பது கணக்கு. பாதை தெரிந்த உள்ளூர்க்காரன் தலைமை தாங்கினான் என்பதைக் கவனியுங்கள். அதே அமெரிக்காவில் 1985-இல் வனத்துறையே முன்வந்து, ‘மெதுவாக மிதியுங்கள்’ என்று வண்டிக்காரர்களுக்குப் பிரசாரம் செய்ய நேர்ந்தது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

நம் ஊரில் நடப்பது நேர்மாறு. பட்டணத்து அப்பா மகனுக்கு ஜீப் மோகத்தைக் காசு கொடுத்து வாங்கித் தருகிறார். ஏலத்தோட்டத்து டிரைவரோ, தன் மகன் வண்டிப் பக்கம் வந்தாலே, “போடா, போய்ப் படிடா” என்று விரட்டுகிறார். படிக்கட்டும்; வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் முப்பது வருஷம் மலையைப் படித்த ஒருவர், தனக்குத் தெரிந்தது ஒரு வித்தை என்றே நினைக்காமல், அதை ஒரு தலைவிதி மாதிரி மகனிடமிருந்து மறைக்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. ‘தார்’ வைத்திருக்கும் கனவான்களே, அவரைக் கூலி பேசி அழைத்துவாருங்கள். காட்டுக்குள் வேண்டாம், சொந்தமாக ஒரு தரிசு நிலம் போதும். உங்கள் பையனோடு அவர் பையனும் நிற்கட்டும்.

பெண்ணும் நிற்கட்டும். எந்தத் தகப்பனுக்கும் இது தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த ஜீப்புகளில் தினந்தோறும் மலை ஏறி இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஸ்டியரிங்கில் ஒரு பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு டிரைவரிடம் இதைச் சொன்னேன்.

“பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குங்கய்யா மலைப்பாதை?” என்றார் அவர்.

பின்னாலிருந்து ஓர் அம்மாள், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டபடி, “எந்தப் பள்ளத்துல எப்ப கியரு மாத்துவேன்னு எங்களைக் கேளுப்பா, சொல்றோம்” என்றாள். வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்துவிட்டு, சாவியைத் திருப்பினார்.