டேங்குக்கு உறை, பிள்ளையின் தலைக்கு?

2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கையிலிருக்கும் பைக்கை நாம் கண்ணாகப் பார்க்கிறோம். 2025இல் தடை நீங்கியும் புதியது நமக்கு எட்டவில்லை. அதனால்தான் பெயின்டைக் காக்கக் கிளியர் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.

அதைக் குறை சொல்லவில்லை. தோட்டத்து ரோட்டில் சில்லு எறியும் கல்லுக்கும், டேங்கில் உரசும் ஜாக்கெட் சிப்புக்கும் அது நல்ல காவல். ஆனால் டேங்கும் முன் மட்காடும் போதும். முழு பைக்குக்கும் தேவையில்லை. சேறு போகக் கழுவி, காயவிட்டுத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். துருவின் மேல் ஒட்டினால் உள்ளே துரு வளரும். மலிவான பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகிவிடும்.

காலையில் பாடசாலை வாசலில் நாங்கள் காண்பது வேறு: டேங்குக்கு உறை இருக்கிறது, பின்னால் இருக்கும் பிள்ளைக்கு ஹெல்மட் இல்லை. பெயின்ட் கீறினால் மறுபடி அடிக்கலாம். முதலில் பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மட் வாங்குவோம். மிச்சக் காசுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவோம்.