மூட்டையில எழுதாத கணக்கு

பால்ல விஷம், முட்டையில விஷம்னு செய்தி வந்தா போதும், நகரத்துல இருக்கிற உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது எங்க மூஞ்சிதான். விவசாயி காசுக்கு ஆசைப்பட்டு மாட்டுக்கு எதையோ போடுறான்னு பேசுறீங்க. சரி, அந்தத் தீவன மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கே சொல்லாம விக்கிறவங்களை யாராவது கேட்டீங்களா?

ஈஸ்ட்டை எடுத்துக்குங்க. பீர் ஆலையில மிஞ்சுற ஈஸ்ட்டைக் காயவச்சுப் பொடியாக்கி மாடு, கோழி, மீன் தீவனத்துல சேர்க்கறாங்க. மொலாசஸ்ல இதுக்குன்னே வளர்க்கறதும் உண்டு. சரக்கு நல்ல சரக்குதான். பாதிக்குக் கிட்ட புரதம், பி வைட்டமின் வேற. அதை வேண்டாம்னு நான் சொல்ல வரலை.

ஆனா ஈஸ்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணியில கரைஞ்சிருக்கிற காரீயம், காட்மியம் மாதிரி கன உலோகங்களை அதோட செல் சுவர் பிடிச்சு வச்சுக்கும். ஆலைக் கழிவுநீர்ல இருந்து உலோகத்தை எடுக்க இதே ஈஸ்ட்டை வச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. அப்போ, அது வளர்ந்த தண்ணியும் மொலாசஸும் எவ்வளவு சுத்தமோ, பொடியும் அவ்வளவுதான் சுத்தம்.

புண்ணாக்கு சிக்கு வாடை அடிச்சா மோந்து பார்த்தே ஒதுக்கிடுவோம். தீவனத்துல கலந்த காரீயத்தை மோந்தும் பார்க்க முடியாது, கண்ணாலயும் பார்க்க முடியாது. மாட்டோட எலும்புலயும் ஈரல்லயும் கிட்னியிலயும் சேரும், கொஞ்சம் பால்லயும் இறங்கும். நீங்க எத்தனை தடவை காய்ச்சினாலும் போகாது. குழந்தைங்க மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற சாமான் அது. காட்மியம் மனுஷன் கிட்னியில உட்கார்ந்தா பல வருஷத்துக்கு வெளிய வராது.

சும்மா பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. 1989ல பர்மாவுல இருந்து போன அரிசித் தவிட்டுல காரீயம் கலந்திருந்தது. அது தீவனத்துல சேர்ந்து நெதர்லாந்துலயும் இங்கிலாந்துலயும் மாடுங்க செத்துச்சு, பண்ணைங்க பால் விக்கத் தடை வந்துச்சு. மூட்டையை நம்பி வாங்கிப் போட்ட விவசாயிக்கு அது எப்படித் தெரியும்?

ஐரோப்பாவுல 2002ல கொண்டுவந்த தீவன விதியில, பொதுவா தீவனப் பொருளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் காரீயம் வரைக்கும் எல்லை வச்சவங்க, ஈஸ்ட்டுன்னு தனியாப் பேர் போட்டு 5 மில்லிகிராம்னு பாதியாக் குறைச்சிருக்காங்க. பாலுக்கு கோடெக்ஸ்ங்கிற உலக உணவுத் தரம் வச்ச எல்லை கிலோவுக்கு வெறும் 0.02 மில்லிகிராம்.

இங்க நான் வாங்குற மூட்டையில புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, மணல் எல்லாம் சதவீதத்தோட இருக்கு. காரீயம், காட்மியம் பத்தி ஒரு வரி இல்லை. ஈஸ்ட் எந்த ஆலையில வந்ததுன்னும் இல்லை. ஆனா சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனா கொழுப்பு ஒரு புள்ளி குறைஞ்சாலும் என் காசைப் பிடிச்சுக்குவாங்க. என் பாலுக்குத் தினமும் பரீட்சை, மூட்டைக்கு மட்டும் விடுமுறையா?

விவசாயியே சோதிச்சுப் பார்க்கலாமேன்னு சிலர் கேப்பீங்க. ரெண்டு மாடு வச்சிருக்கிறவன் ஒவ்வொரு மூட்டையையும் லேபுக்குத் தூக்கிட்டு ஓட முடியுமா? ஆலையில ஒரு தொகுதி ஈஸ்ட்டுக்கு ஒரு தடவை சோதிச்சா அதுல போற அத்தனை மூட்டைக்கும் ஆச்சு. செலவு அவங்களுக்குத் தூசு.

அதனால நான் கேக்கறது ரெண்டுதான். தொகுதி வாரியா கன உலோகச் சோதனை, அந்த எண்ணிக்கை மூட்டை மேல தமிழ்ல. எங்க சத்தம் கம்பெனிக்காரன் காதுல ஏறாது. பாக்கெட் பால் வாங்குற நீங்க கேட்டா ஏறும். அடுத்த தடவை பால் கம்பெனிக்குப் புகார் சொல்லும்போது, தீவனத்தைச் சோதிச்ச தாள் எங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.