பூகம்பப் பாடமும் நமது பள்ளிகளும்

2004-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னதாக, சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தது. அங்கே எழுந்த பேரலை நமது சோழமண்டலக் கரையை வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும் நம் ஜனங்களை எச்சரிக்க ஏற்பாடு ஒன்றுமில்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அதே தினத்தில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல் வழக்கத்திற்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பில் கற்ற பாடம் அவள் நினைவுக்கு வந்தது. ஓடுங்கள் என்று கூச்சலிட்டாள். அந்தக் கடற்கரையிலிருந்த சுமார் நூறு பேர் உயிர் தப்பினர். ஒரு பாடத்தின் மதிப்பு இவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட இயலுமோ?

2007-ஆம் வருஷம் முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் எச்சரிக்கை காதில் விழுந்தால் மட்டும் போதாது. அதன் பொருளை உணர்ந்து காலை எடுத்து வைக்கும் அறிவு ஜனங்களிடம் இருத்தல் வேண்டும். அந்த அறிவு பிறக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடம். அங்கே நடப்பதென்ன?

நமது ராஜ்யத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர், புவித்தட்டுகளைப் பற்றி சமூக அறிவியல் புஸ்தகத்தில் படிக்கின்றனர். தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கும், விலகும், உரசிச் செல்லும் என்று நெட்டுருப் போட்டு எழுதிவிடுகின்றனர். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் விஞ்ஞானத்துக்குச் செய்முறை மார்க்கு உண்டு. சமூக அறிவியலுக்கோ முழுவதும் எழுத்துத் தேர்வே. ஆகவே காலடியிலுள்ள பூமியைப் பற்றிய பாடம், கையால் தொடாத பாடமாகவே கழிந்து போகிறது. செயல் திட்டம் என்ற பெயரில் கடையில் வாங்கிய தெர்மோகோல் எரிமலை கண்காட்சி மேஜையை அலங்கரிப்பதுண்டு. அதைச் செய்தவன் கடைக்காரனேயன்றி மாணாக்கன் அல்லன்.

பணமில்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் அட்டையில் வெட்டி அருகருகே வைத்தால், இரு கரைகளும் பொருந்தி நிற்கக் காணலாம். 1912-ல் ஜெர்மானியர் ஆல்பிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று கூறியதற்கு இதுவும் ஒரு காரணம். உலகில் ஐந்து ரிக்டர் அளவுக்கு மேற்பட்ட பூகம்பங்கள் வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் நிகழ்கின்றன. அவற்றின் ஜாபிதா இலவசமாகவே கிடைக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்து மாணாக்கர் அவற்றைப் படத்தில் புள்ளி புள்ளியாகக் குறிக்கட்டும். புள்ளிகள் கோடுகளாகச் சேர்ந்து, தட்டுகளின் விளிம்புகள் அவர்கள் கண் முன்னே தாமே தோன்றும். நாம் வாழும் பாரத பூமியும் அத்தகைய ஒரு தட்டின் மேல் வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது என்பதும், அது ஆசியாவை முட்டியதால்தான் இமயம் எழுந்தது என்பதும் அப்போது வெறும் வாக்கியங்களாக இரா.

மற்றொரு சோதனை. உப்புத்தாளின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, ரப்பர் நாடாவைக் கட்டி மெல்ல இழுக்கவேண்டும். நாடா நீளும், கல் அசையாது. திடீரென்று துள்ளும். எப்போது துள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. இதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை, இன்ன தேதியில் பூகம்பம் வரும் என்று ஒருவர் கிளப்பும் வதந்தியை ஒருகாலும் நம்பான்.

ஜப்பானியர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். இவாத்தே மாகாணத்துக் காமாய்ஷி நகரில், பேராசிரியர் கதாதா தோஷிதாகாவின் தூண்டுதலால், பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையேயுள்ள வழியை நடந்து பார்த்து, தப்பியோடும் வழிகளைப் படமாக வரைந்தனர். கணக்கு வகுப்பில் அலையின் வேகத்தைக் கணக்கிட்டனர். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், அலை வினாடிக்கு எத்தனை மீட்டர் ஓடும் என்பது கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 2011 மார்ச் 11-ல் பேரலை வந்தபோது, பெரிய பிள்ளைகள் சிறியோரின் கைப்பற்றி மேட்டுக்கு ஓடினர். குறித்திருந்த இடமும் அபாயமென்று கண்டு, இன்னும் உயரே ஏறினர். அந்நகரில் சுமார் ஆயிரம் பேர் இறந்தனர். ஆனால் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளில் ஒரு சிலர் நீங்கலாக அனைவரும் பிழைத்தனர். அபாயப் படத்தின்படி அலை எட்டாதென்றிருந்த பள்ளிகளும் மூழ்கின. படத்தை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும்?

ஆதலால் நாம் கேட்பவை மூன்று. சமூக அறிவியலுக்கும் செய்முறை மார்க்கு ஒதுக்கவேண்டும். உபாத்தியாயர்களுக்கு இச்சோதனைகளில் பயிற்சி அளிக்கவேண்டும். பழவேற்காடு முதல் குமரி முனை வரை கடலோரப் பள்ளி ஒவ்வொன்றிலும், தங்கள் ஊரின் மேடு பள்ளங்களை மாணாக்கரே அளந்து வரைந்த படம் சுவரில் தொங்கவேண்டும். ஸர்க்கார் செய்யட்டும் என்று தேசத் தொண்டர்கள் வாளாவிருப்பது தகாது. அவரவர் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அடுத்த கூட்டத்திலேயே இவ்விஷயத்தை எழுப்பவேண்டும். ஒரு செங்கல்லுக்கும் ஒரு ரப்பர் நாடாவுக்கும் உத்தரவு எதற்கு? கடல் அடுத்த முறை நமக்குத் தேதி குறித்துக் கொடுத்துவிட்டு வரப்போவதில்லை.