உங்களுக்கென்று ஒரு டிராயர்

உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேனா இருக்கிறது? கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன். டி.வி. ஸ்டாண்டில், ஃபிரிட்ஜ் மேல், பால் கணக்கு நோட்டுக்குள், குழந்தையின் பென்சில் டப்பாவில்... பத்துப் பதினைந்து தேறும். அதில் எழுதுகிற பேனா எத்தனை? அங்கேதான் இருக்கிறது சங்கதி!

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி. சின்னவனுக்கு 103 டிகிரி ஜுரம். இவர் ஊரில் இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணி நேர இடைவெளி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிறார். காதில் போன், தோளில் குழந்தை, கையில் பேனா. கிறுக்குகிறேன், கிறுக்குகிறேன், எழுதவே இல்லை. இன்னொன்று மூடி இல்லாமல் காய்ந்து கிடந்தது. மூன்றாவதில் ரீஃபிலே இல்லை! "அத்தை, ஏதாவது ஒண்ணு எழுதறதுக்குக் குடுங்களேன்!" என்று கத்திவிட்டேன். மாமியார் பதறிப்போய்க் கொண்டுவந்தது என் கண் மை பென்சிலை. காலண்டர் தாளின் பின்னால் அதில்தான் எழுதினேன். விடிந்து பார்த்தால் கை பட்டு மை கலைந்து, மில்லிக்கு முன்னால் இருந்தது 2-ஆ 7-ஆ என்றே தெரியவில்லை. டாக்டரை மறுபடி கேட்ட பிறகுதான் அடுத்த வேளை மருந்து கொடுத்தேன். குழந்தை தேறிவிட்டான். எனக்குத்தான் வெட்கம் தீரவில்லை.

அந்த வாரமே அலமாரியில் ஒரு டிராயரைக் காலி செய்தேன். "இது என் டிராயர். யாரும் கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். இவர் சிரித்தார். சிரிக்கட்டுமே!

முதல் வேலை கழித்துக் கட்டுவது. எல்லாப் பேனாவையும் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்து, எழுதாததைத் தூக்கிப் போட்டேன். மிஞ்சியது நாலே நாலு! அப்புறம் கடைக்குப் போனேன். புடவைக் கடைக்குப் போகிற சந்தோஷம் ஸ்டேஷனரிக் கடையிலும் உண்டு, தெரியுமோ? புது நோட்டின் வாசனை ஒன்று போதாதா! செலவும் அவ்வளவாக இல்லை. மாசம் ஒரே ஒரு பொருள், ஆனால் நல்லதாக ஒன்று. இதுதான் நான் வைத்துக்கொண்ட சட்டம்.

நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாளுக்கு ஜி.எஸ்.எம். என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அது. 80 ஜி.எஸ்.எம். தாளில் ஏ4 அளவு ஒன்று சுமார் 5 கிராம் இருக்கும். மெல்லிய தாளில் இங்க் பேனாவால் எழுதினால் மை பின்பக்கம் ஊறித் தெரியும். இங்க் பேனாக்காரர்கள் கொஞ்சம் கனமான தாளாகவே பார்த்து வாங்குங்கள். தாள் என்றால் மரம் வெட்டித்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 1979-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காகித நிறுவனம், கரூர் பக்கம் காகிதபுரம் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் தயாரிக்கிறது. கரும்பு ஜூஸ் குடிக்கும்போது அந்தச் சக்கையையும் ஒரு பார்வை பாருங்கள்!

பென்சிலில் எச்.பி., 2பி என்று போட்டிருக்கிறதே? எச் என்றால் கடினம், பி என்றால் கறுப்பு. களிமண் அதிகம் சேர்ந்தால் கடினம், கிராஃபைட் அதிகம் சேர்ந்தால் கறுப்பு. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று பயப்படுகிற தாய்மார்கள் இன்றும் உண்டு. ஈயம் இல்லை, கிராஃபைட்தான். அதற்காகக் குழந்தையைக் கடிக்க விட்டுவிடாதீர்கள்!

வாங்கினால் போதுமா? காப்பாற்ற வேண்டாமா? பட்டு அனுபவத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ரப்பரைப் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டி வைக்காதீர்கள். நாளானால் இளகிப் பிடித்துக்கொள்ளும். அதன் காகித உறையோடு வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் காகிதங்களைக் கட்டாதீர்கள், உருகிக் கறையாகிவிடும். நாடா உத்தமம். குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். இங்க் பேனாவைக் கொஞ்ச நாள் தொடப்போவதில்லை என்றால் மையைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசி வையுங்கள், வெந்நீர் வேண்டாம். மருந்துக்கடையில் வழவழப்பான தாளில் அச்சடித்துத் தருகிறார்களே ரசீது, அது சில மாசத்திலேயே வெளுத்துவிடும். வேண்டிய ரசீதை உடனே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீப்பெட்டி, சோப்பு டப்பா, பழைய மிட்டாய் டின், இவைதான் என் டிராயரின் அறைகள். முன்வரிசையில் எழுதும் பேனா இரண்டு. பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு. அதில் ஆளுக்கு நாலு பக்கம்: தேதி, நேரம், ஜுரம் எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை மில்லி. போன மழைக்காலத்தில் பெரியவளுக்கு ஜுரம் வந்தபோது அதைத்தான் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா அம்மாவும் இப்படி எழுதிக்கிட்டு வந்தா என் வேலை பாதி குறையும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

கடைசியாக ஒன்று. சேர்ப்பது வேறு, பதுக்குவது வேறு. என் அம்மா போன பிறகு அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த லெட்டர் பேடும் பேனாவும். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. ஒரு தாள்கூடக் கிழிக்கவில்லை. "நல்லதா இருக்குடி, நல்ல விசேஷத்துக்கு எடுக்கறேன்" என்று அன்று சொன்னாள். எனக்கு வந்த கடிதமெல்லாம் கணக்கு நோட்டில் கிழித்த தாளில்தான். அந்தப் பேனாவைக் கழுவி, நிப்பு மாற்றி, நான்தான் இப்போது எழுதுகிறேன். மளிகைச் சீட்டுக்கும் அதேதான்.

ஆகையால் சகோதரிகளே, நல்ல நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பேனாவை இன்றைக்கே எடுத்து யாருக்காவது நாலு வரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் மூடியை மட்டும் மறக்காமல் போட்டு வையுங்கள்!