சபைக் கூச்சம்

முதன்முறையாக ஈப்போ மேடையொன்றில் ஏறவிருக்கும் இளைஞர், பிரசங்கத்தை எழுத்துப் பிசகாமல் மனனம் செய்வதே ஆயத்தம் என்று எண்ணுவது எனக்கு விபரீதமாகவே படுகிறது. ஒரு சொல் மறந்தால் பின்வருவன யாவும் மறந்துபோகும். (லண்டனில், எழுதி வைத்த உரையை வாசிக்கவே நாவெழாது, பிறரை வாசிக்கச் செய்தவர்தாம் காந்தியடிகள்.) சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட அக்காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டந்தோட்டமாகச் சென்று, அன்றாடக் கூலியில் காலந்தள்ளிய பால்மரத் தொழிலாளரைப் பங்கு சேரும்படி அழைத்தபோது, வேலையும் வீடும் பறிபோகுமோ என்ற அவர்களது கவலையன்றோ பேச்சின் பொருளாயிற்று, அலங்கார வசனத்துக்கு அங்கே என்ன பிரயோஜனம்? ஆகவே, தம்பி, கேட்க வருவோர் யார், அவர்களுக்கு என்ன அவசியம் என்பதை முதலில் விசாரித்துக்கொள். ஆரம்ப வாக்கியத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மற்றவற்றுக்குச் சிறு குறிப்பே போதும்.