சொல்லத் தயங்கும் துன்பம்



என் பெரியம்மா ஒருவர் ரமலான் மாதத்தில் பெண்கள் கூடித் தராவீஹ் தொழும் வீட்டிற்கு ஆண்டு தவறாமல் செல்பவர். ஓர் ஆண்டு திடீரென்று நின்றுவிட்டார். கலியாண வீடுகளுக்கும் வருவதில்லை. கேட்டால், "வயசாயிடுச்சும்மா" என்பதே பதில். இருமினாலும் தும்மினாலும், சஜ்தாவிலிருந்து எழுந்தாலும் தம்மை அறியாமல் சிறுநீர் கசிந்ததும், ஒளு முறிந்துவிட்டதோ என்ற கவலையிலேயே அவர் ஒதுங்கிக் கொண்டதும் பல ஆண்டுகள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது.

இதைப் படிக்கும் தங்களில் சிலருக்கும் இத்துன்பம் இருக்கலாம். இது முதுமையின் தீர்ப்பும் அன்று. விதியென்று பொறுத்துக் கொள்ள வேண்டியதும் அன்று. பெரும்பாலும் இது ஒரு தசையின் தளர்ச்சியே.

நம் இடுப்பெலும்பின் அடியில், தொட்டில் துணியைப் போல் சில தசைகள் விரிந்துள்ளன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குபவை அவையே. பேறுகாலத்தில் இத்தசைகள் வெகுவாக இழுபடுகின்றன. உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் மாற்றங்கள் ஆகியனவும் அவற்றைத் தளர்த்துகின்றன. அந்நிலையில் இருமலின் அழுத்தத்தைத் தாங்க இயலாமல் சிறுநீர் கசிகிறது.

தளர்ந்த கைக்கும் காலுக்கும் பயிற்சி தருகிறோமே, இத்தசைக்கு ஏன் தரக்கூடாது? இவ்வாறு சிந்தித்தவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல். அறுவை சிகிச்சையே முதன்மையான வழியாகக் கருதப்பட்ட நாளில், 1948ஆம் ஆண்டு அவர் தம் பயிற்சி முறையை வெளியிட்டார். தசை சுருங்கும் அழுத்தத்தைக் காட்டும் சிறு கருவியொன்றையும் உருவாக்கினார். எந்தத் தசையைச் சுருக்குவது என்பதே பல பெண்களுக்குத் தெரியவில்லை என்பதை அவர் கண்டிருந்தார். முள் நகர்வதைக் கண்ணால் கண்ட பின், அப்பெண்களுக்கு வழியும் தெரிந்தது, நம்பிக்கையும் பிறந்தது.

அவர் கண்டது எவ்வளவு உண்மை என்பதை 1991இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாய்மொழியாக மட்டும் சொல்லித் தரப்பட்ட 47 பெண்களில் 23 பேரே சரியாகச் செய்தனர். 12 பேர் கசிவை அதிகமாக்கக் கூடிய விதத்தில் முக்கினர்! 1999இல் நார்வே நாட்டு ஆய்வாளர் காரி போவும் அவருடைய குழுவினரும் 107 பெண்களிடம் ஆறு மாதங்கள் ஆய்வு நடத்தினர். மின்தூண்டல் முதலிய முறைகளைவிடப் பயிற்சியே சிறந்ததெனக் கண்டனர். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இருமும்போதும் தும்மும்போதும் கசியும் வகையில் பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகக் கூறினர். செய்யாதோரில் அவ்வாறு கூறியவர்கள் 6 பேரே.

செய்முறை இதுதான். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல் உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். மூச்சை அடக்காதீர்கள்; வயிற்றையும் தொடையையும் இறுக்காதீர்கள்; கீழ்நோக்கி முக்கவே கூடாது. ஆறு முதல் எட்டு விநாடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் தளர விடுங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 12 முறை. நாளொன்றுக்கு மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். இருமல் வருமுன் இத்தசையை இறுக்கிக் கொள்வதும் பயன் தரும். சிறுநீர் கழிக்கும்போது இப்பயிற்சியைச் செய்ய வேண்டாம். கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து விடாதீர்கள்.

திடீரென அவசரம் ஏற்பட்டு அடக்க இயலாமல் கசிவது வேறு வகை; அதற்குச் சிகிச்சையும் சற்று வேறு. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், சிறுநீர் கழிக்கச் சிரமம், கருப்பை இறங்குவது போன்ற உணர்வு, பிரசவத்திற்குப் பின் இடைவிடாத ஒழுக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதியாமல் பெண் மருத்துவரிடம் செல்லுங்கள். பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்பதையும் அவரிடமோ பெண் பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டறியலாம்.

தொழுகையைப் பற்றிய அச்சம் வேண்டாம். தொடர்ந்து சிறுநீர் ஒழுகும் நோயுடையோர் ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஒளுச் செய்து தொழுதுகொள்ள மார்க்கம் இடம் தந்துள்ளது. தங்கள் நிலைக்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்களே! நோயைச் சொல்வதற்கு மட்டும் நாம் ஏன் நாண வேண்டும்?

தங்கள் தாயோ மாமியாரோ காரணமின்றி வெளியே வரத் தயங்கினால், தனிமையில் அன்போடு கேளுங்கள். என் பெரியம்மாவிடம் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.