புகழ்மொழி போதாது

மயிலாப்பூரில் பாயில் கிடக்கும் மாமியாரை அல்லும் பகலும் பேணும் மருமகளின் உழைப்புக்கு நமது அரசியல் சட்டத்தில் பெயருண்டா? இல்லை. 42-வது ஷரத்து பிரசவ சகாயத்தைக் கூறுகிறது. அதையும் கோர்ட்டில் வழக்கிட்டுப் பெற இயலாது.

அயர்லாந்தின் 1937-ம் வருஷத்துச் சட்டம் மாதரின் இல்வாழ்வை ராஜ்யத்துக்கு ஆதாரமெனப் போற்றுகிறது. அதை நீக்கி, குடும்பத்தார் ஒருவரையொருவர் பேணுவதைப் போற்றும் வாசகத்தை இடலாமாவென்று 2024 மார்ச்சில் ஜனங்களைக் கேட்டனர். நூற்றுக்கு 74 பேர் மறுத்தனர். பழமைப் பற்று மட்டும் காரணமன்று. ராஜ்யம் ஆதரிக்க ‘முயலும்’ என்றதேயன்றிக் கடமையாக ஏற்கவில்லையென, அங்கவீனர் பொருட்டுப் பேசியோர் பலரும் எதிர்த்தனர்.

நம்மவரோ சொல்லுக்கு முன் செயலில் இறங்கியுள்ளனர். மனைவியின் வீட்டு உழைப்பாலும் சொத்து சேர்கிறது, அதில் அவளுக்குச் சமபங்குண்டு என்று 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக சர்க்கார் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவி’ என்றன்றி ‘உரிமை’ என்றே பெயரிட்டனர்.

அரசியல் சட்டத்தைத் திருத்துவதாயின், அவ்வுரிமையை எழுதுக. வெறும் புகழ்மொழி வேண்டா. பேணுதலைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தாது, ஆடவர்க்கும் சர்க்காருக்கும் உரிய கடமையாக்குக. இதுவே நமது கோரிக்கை.